எல்லா நாளும் ஜனவரி முதலாம் திகதி

ஷெரில் கடை வாசலில் நின்று மழைக்கோட்டை உதறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. மேலே ரியூப் லைட்டுகள் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தன. காசு மேசைக்குக் கீழே இருந்த கம்பியூட்டர் மட்டும் நீளமாக ஒரு தரம் கூவி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு அப்படியே நின்றுவிட்டது.

“இந்தா மிஸ், இதுதான் இவருக்கு வருத்தம்,” என்றார் மஜீட். ஏறாவூரில் வாவிக்கு இறங்கும் ஒழுங்கையின் முகப்பில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர் அவர். “ரெண்டு கிழமையா காலையில போட்ட உடன இப்பிடித்தான் நிக்கிற. எஃப் வண் கட்டையை அமத்தினா ஓடும். அதால நானும் அமத்தி அமத்தி ஓட்டிட்டன்.”

குனிந்து அமத்திக் காட்டினார். இந்த முறை அது ஓடவில்லை. நீலத் திரை ஒன்று மின்னி மறைந்தது. மெசின் தானாகவே அணைந்து, மறுபடி கூவி, மறுபடி அதே கறுப்புத் திரையில் வந்து நின்றது.

“இப்ப என்ன புதிசா நீலம் காட்டுது?”

“கொஞ்சம் பொறுங்க மஜீட் நானா. திறந்து பாத்துட்டுச் சொல்றன்.”

ஷெரில் மட்டக்களப்பு டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். பறங்கி வீட்டுப் பெண். முப்பத்தைந்து வயது. மருந்துக் கடை, ரியூசன் வகுப்பு, அச்சகம் என்று வாவியின் இரு கரையிலும் யாருடைய கம்பியூட்டர் படுத்தாலும் அவளுக்குத்தான் கோல் வரும். வேலை செய்யும்போது அதிகம் பேசமாட்டாள். பக்கத்தில் நின்று யாராவது அவசரப்படுத்தினால் கையிலிருக்கும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு எவரும் அவசரப்படுத்துவதில்லை.

கம்பியூட்டரை மேசைமேல் தூக்கி வைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். ஆணி, பெயின்ற், சீமெந்துத் தூசி எல்லாம் சேர்ந்து உள்ளே சாம்பல் கம்பளம்போலப் படிந்திருந்தது. ஊதித் தள்ளிவிட்டு மதர்போர்டின் மூலையில் பதிந்திருந்த வட்டப் பற்றரியை நெம்பி எடுத்து மீற்றரில் வைத்தாள். மூன்று வோல்ற் காட்டவேண்டியது ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“இதுதான் நானா. இந்தக் குத்திப் பற்றரிதான் கரண்ட் இல்லாத நேரத்தில மணியையும் திகதியையும் பிடிச்சு வச்சிருக்கிறது. இது செத்தா, ஒவ்வொரு தரமும் கரண்ட் வரக்குள்ள மெசின் புதிசாப் பிறந்த பிள்ளை மாதிரித்தான் எழும்பும்.”

“நான் ராவையில மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டுத்தானே போற. மாரி மின்னலுக்குப் பயம்.”

“அதான். இவ்வளவு நாளும் அது மணியை மட்டும்தான் மறந்திருக்கு. இண்டைக்கு மிச்சத்தையும் மறந்திட்டுது. ஹாட் டிஸ்க்கை எந்த முறையில வாசிக்கிற எண்டதையும் சேத்து. அதுக்குத்தான் நீலம் காட்டுது.”

புதிய பற்றரியைப் பையிலிருந்து எடுத்துப் பதித்தாள். மஜீட் பிளேன்டீ ஊற்றினார். வெளியே மழை குறைவதுபோல் குறைந்து மறுபடி வலுத்தது. கடைக்குள் வேறு ஆட்களில்லை. நல்ல வேலை நேரம் என்று ஷெரில் நினைத்தாள். உள்ளே படிந்திருந்த தூசியை மெல்லிய பிரஷால் தட்டி எடுக்கத் தொடங்கினாள். அதிலேயே அரை மணித்தியாலம் அளவு போயிருக்கும்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஸாதியா நனைந்தபடி ஓடிவந்தாள். தலைத்துணி நழுவியிருந்தது, காலில் செருப்பில்லை.

“மஜீட் காக்கா, சஹ்லா இஞ்சால வந்தாளா?”

“இல்லயே புள்ள. ஏன்?”

“காணல்ல. வீட்டுக்குள்ள, கிணத்தடி, பின் வளவு, பக்கத்து வீடு எல்லாம் பாத்திட்டன். தையல் மெசின்ல ஒரு சட்டையை முடிச்சிட்டு நிமுந்து பாக்கன், ஆளில்ல. கேற் திறந்து கிடக்கு.”

மஜீட்டின் முகம் மாறியது. ஷெரிலுக்கு அது ஏனென்று முதலில் விளங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை எங்கேயாவது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்தாள். மஜீட் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அந்தப் புள்ள பேசாது மிஸ். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. தண்ணியைக் கண்டா விடாது. பைப் ஒழுகினாப் போதும், அதுக்குப் பக்கத்தில குந்திடும்.”

தண்ணீர் என்றதும் எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவு வந்தது. ஒழுங்கையின் இடப்பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தால் வாவி. மாரியில் அது கரையை மீறி வேலிக் கட்டைகள்வரை வந்து நின்றது.

சில நிமிடத்துக்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மஞ்சள் சட்டை, ஏழு வயது, பேசாத பிள்ளை. ஆண்கள் தோணிக்கம்புகளோடு வாவிப் பக்கம் ஓடினார்கள். ஷெரில் பிரஷைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். கம்போடு தண்ணீருக்குப் போகிற மனிதர்களை அவள் சின்ன வயதில் டச்பார் கடற்கரையில் பார்த்திருக்கிறாள். சுனாமிக் கடல் வந்துபோன மறுநாள். அவர்கள் எதைத் தேடித் தண்ணீரைக் குத்தினார்கள் என்பது தெரிந்த வயது அவளுக்கு அப்போது. பிரஷைக் கீழே வைத்தாள்.

ஸாதியாவின் தம்பி ஹலீம் த்ரீவீலை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். “மெயின் றோட் முழுக்கப் பாத்திட்டன் ராத்தா, ஆரும் காணல்லயாம்.” சொல்லிக்கொண்டே அவன் கண் கடை முகட்டில் தொங்கிய கமராவில் போய் நின்றது. “மஜீட் காக்கா! உங்கட கமராவில ஒழுங்கை தெரியும்தானே? இடப்பக்கம் போனாளா வலப்பக்கம் போனாளா எண்டு பாக்கேலாதா?”

கடைக்குள் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் மேசையைப் பார்த்தார்கள். அங்கே கமராவின் கம்பியூட்டர் வயிறு திறந்து கிடந்தது.

“புள்ள போனது எத்தனை மணிக்கு?” என்று ஷெரில் கேட்டாள்.

“ஒம்பதரை இருக்கும். கரண்ட் போய் வந்ததுக்கு முன்னம். கரண்ட் போகக்குள்ளதான் நான் தையல நிப்பாட்டி நிமுந்த.”

அப்படியானால் பிள்ளை போன நேரத்தில் இந்த மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. படம் உள்ளே இருக்கிறது. ஷெரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால நிண்டு கதைக்க வேணாம்.”

வயர்களைச் செருகிச் சுவிட்சைப் போட்டாள். கூவல். கறுப்புத் திரை. உள்ளமைப்புப் பக்கத்துக்குள் போனாள். கை தன் பழக்கத்திலேயே முதலில் இன்றைய திகதியையும் மணியையும் அடித்தது. பிறகு ஹாட் டிஸ்க் பக்கம். அங்கே மூன்று முறைகள் இருந்தன. முன்பு எது இருந்ததென்று எழுதி வைத்தவர் யாருமில்லை. ஒன்றைத் தெரிவுசெய்து, சேமித்து, வெளியே வந்தாள். மெசின் யோசித்தது. நீலம் மின்னியது.

“அல்லாஹ்வே,” என்றாள் ஸாதியா.

“அது பிழையான முறை. அடுத்ததைப் போடுறன்.”

மறுபடி உள்ளே போய் அடுத்த முறையைப் போட்டாள். இந்தத் தரம் நீலம் வரவில்லை. திரையின் நடுவில் சின்ன ஜன்னல் படம் எழும்பி, அதன் கீழே புள்ளிகள் ஓடத் தொடங்கின. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“அப்பாடா,” என்றார் மஜீட். “இனிச் சரி. எஃப் வண் அமத்தின நாள் முழுக்க ரெண்டாயிரத்திப் பத்து எண்டுதான் காட்டிக்கிட்டு இருந்திச்சு. இப்ப நீங்க சரியான திகதி போட்டீங்கதானே.”

ஷெரில் திரும்பி மஜீட்டைப் பார்த்தாள்.

இரண்டாயிரத்துப் பத்து. அப்படியென்றால் இன்று காலையில் பதிவான படத்திலும் அந்தத் திகதிதான் குத்தியிருக்கிறது. கமராவின் மென்பொருள் மெசின் திறந்த உடனேயே தானாக எழும்பும். எழும்பியதும் அது செய்கிற முதல் வேலை, முப்பது நாளுக்கு மேற்பட்ட பதிவுகளை அழித்து இடம் எடுப்பது. இப்போது அதற்குச் சரியான திகதி தெரியும். காலைப் படம் அதன் கணக்கில் பதினைந்து வருடப் பழசு.

புள்ளிகள் ஓடி முடியப் போயின. அவள் எழுந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தாள். திரை செத்தது.

“என்ன செய்ற நீ?” ஸாதியாவின் குரல் கடையையே உலுக்கியது. “வரப்போனத நிப்பாட்டிட்டா! ஹலீம், பாரு, வரப்போனத இவ நிப்பாட்டிட்டா! எண்ட புள்ள அங்க தண்ணிக்குள்ள...” அவள் மேசையைத் தாண்டி ஷெரிலின் கையைப் பிடிக்க வந்தாள். ஹலீம் இடையில் நின்றான். அவன் முகத்திலும் கோபம் இருந்தது.

“மிஸ், உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்க. வேற ஆளைப் பாப்பம்.”

“ஏலும்.” ஷெரில் பிளக்கைக் கையிலேயே வைத்திருந்தாள். “விட்டிருந்தா இண்டையப் படம் அழிஞ்சிரும். சரியான திகதியைக் கண்டா அது பழைய படமெண்டு நினைச்சு அழிக்கும். நான் பிழையான திகதியைத்தான் திருப்பிப் போடணும். நம்புங்க.”

யாருக்கும் அது விளங்கியிருக்காது. பிழையானதைப் போட்டால்தான் சரிவரும் என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் மஜீட் நம்பினார். அல்லது நம்புவதைத் தவிர அவருக்கு வழியிருக்கவில்லை. “விடுங்க. அவ செய்யட்டும்,” என்றார்.

ஷெரில் முதலில் பின்பக்கத்து இன்ரநெற் வயரை உருவி எடுத்தாள். அது இருந்தால் மெசின் வெளியிலிருந்து சரியான திகதியைத் தானே கேட்டு எடுத்துக்கொள்ளும். பிறகு பிளக்கைச் செருகினாள். உள்ளே போய் வருடத்தை இரண்டாயிரத்துப் பத்து என்று மாற்றினாள். ஜனவரி. ஒன்று. விரல் ஒரு தரம் பிழையான கட்டையில் பட்டது. திருத்தினாள். சேமித்தாள்.

புள்ளிகள் ஓடவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு அறிவிப்பு வந்தது. மெசின் ஒழுங்காக நிறுத்தப்படவில்லையாம், டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறதாம், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு கட்டையை அமத்தட்டாம். சோதனை தொடங்கினால் எவ்வளவு நேரம் எடுக்குமென்று யாருக்கும் தெரியாது. கண்மூடித் திறப்பதற்குள் அமத்தினாள். பிளக்கை இழுத்ததில் டிஸ்க்கே கெட்டிருக்குமோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜன்னல் படம் வந்தது. புள்ளிகள் வந்தன. தூரத்தில் வாவிப் பக்கமிருந்து யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. கடைக்குள் நின்றவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒருவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “ஒண்டுமில்ல. சருவச்சட்டி ஒண்டு மிதக்குது.”

ஸாதியா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

திரை முழுதாக வெளிச்சமானது. நான்கு கமராக்களின் சதுரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஷெரில் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஒரேயொரு நாள்தான் இருந்தது, ஜனவரி முதலாம் திகதி. ஆனால் அந்த ஒரு நாளுக்குள் எத்தனையோ துண்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. மஜீட் ஒவ்வொரு இரவும் மெயினை நிறுத்தியதால், இரண்டு கிழமையின் ஒவ்வொரு நாளும் மெசினுக்கு ஜனவரி முதலாம் திகதியாகவே விடிந்திருக்கிறது. எல்லாத் துண்டும் நள்ளிரவு பன்னிரண்டில் தொடங்குவதாகவே காட்டின. இதில் எது இன்று?

கைக்கு வந்த ஒன்றைத் திறந்தாள். ஒழுங்கையில் மழை பெய்துகொண்டிருந்தது.

“இது இண்டைக்கா நானா?”

மஜீட் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். “இல்ல. வாசலில அந்தக் கறுப்புத் தண்ணித் தாங்கி நிக்குது பாருங்க. அது முந்தநாளே வித்துப்போச்சு.”

அடுத்தது. வெயில். வேண்டாம். அதற்கடுத்தது. மழை, தாங்கி இல்லை. மஜீட் திரையில் விரலை வைத்தார். “இதுதான். ஏணி வெளிய சாத்தி இருக்கு. காலையில கடை திறந்து நான்தான் சாத்தின.”

கடை திறந்தது எட்டுமணி அளவில். ஷெரில் மனதுக்குள் கூட்டிக் கழித்து, துண்டின் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, வேகமாக ஓடவிட்டாள். குடைகள் போயின. சைக்கிள் ஒன்று போனது. மீன் லொறி ஒன்று வந்து கடைக்கு எதிரே நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கி, பின் கதவைத் திறந்து ஒரு வெள்ளை ரெஜிபோம் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனார். கதவு திறந்தபடியே கிடந்தது. லொறியின் பின்புறத்திலிருந்து ஐஸ் தண்ணீர் கம்பிபோல ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்போது கேற் திறந்தது. மஞ்சள் சட்டை.

“சஹ்லா!” ஸாதியா எழுந்து திரைக்குக் கிட்ட வந்துவிட்டாள்.

ஷெரில் வேகத்தைக் குறைத்தாள். பிள்ளை இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. நேரே லொறியின் பின்னால் போய்க் குந்தியது. ஒழுகும் தண்ணீரில் உள்ளங்கையை நீட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பார்ப்பதுபோல் நிமிர்ந்தது. பிறகு படிக்கட்டில் கால் வைத்து, சட்டத்தைப் பிடித்து, உள்ளே ஏறிப் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்தது.

மீன்காரர் திரும்பி வந்தார். தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்திருந்தார். மழைக்குக் குனிந்தபடி கதவைத் தள்ளிச் சாத்தி, வெளிப்பக்கத்துக் கொளுக்கியைப் போட்டார். லொறி போனது.

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருவன் கத்தினான். “மீன்காரக் கச்சி முகம்மது! அவன்தான் புள்ளயத் தூக்கிட்டுப் போறான்!” அவனுக்குக் கடைசித் துண்டு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவன் கத்தியது தீப்போல வாசலுக்குப் போய், ஒழுங்கைக்குப் போனது. யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள்.

“நில்லுங்க!” ஷெரில் கதிரையில் ஏறாத குறையாகக் கத்தினாள். படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். “இஞ்ச வந்து பாருங்க. புள்ள தானா ஏறுது. அவர் பாக்கவே இல்ல. அவருக்குத் தெரியாது. தெரியாது எண்டதுதான் இப்ப பயம், விளங்குதா? அவர் கதவைத் திறக்கமாட்டார்!”

விளங்கியது. மஜீட் ஏற்கெனவே கைபேசியைக் காதில் வைத்திருந்தார். “ரிங் போகுது... எடுக்கிறார் இல்ல. போனை சீற்றுக்குக் கீழ போட்டுட்டுத்தான் ஓடுவார் இந்த மனுசன்.” இன்னொரு தரம் அடித்தார். “மூடினா அது ஐஸ் பெட்டி. உள்ளுக்க இருந்து திறக்க ஏலா.”

“எங்க போவார்?” என்று ஹலீம் கேட்டான்.

“செங்கலடியால திரும்பிக் கரடியனாறு. இஞ்ச விட்டா அடுத்த வியாபாரம் அங்கதான். அதுக்கு முன்னுக்குக் கதவு திறக்கிறதில்ல.”

ஹலீமின் த்ரீவீல் உறுமிக்கொண்டு போனது. அதனால் பிடிக்க முடியாதென்று அவனுக்கும் தெரியும். மஜீட் வேறொரு இலக்கத்தைத் தேடினார். கரடியனாற்றுச் சந்தியில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் பூபாலப்பிள்ளை அவரிடம்தான் தகரமும் கம்பியும் வாங்குகிறவர். மூன்றாவது மணியில் எடுத்தார். மஜீட் ஒலியைக் கூட்டிக் கைபேசியை மேசையில் வைத்தார்.

“பூபாலப்பிள்ளை அண்ணன், கச்சி முகம்மதுவின்ட மீன் லொறி வந்துட்டா?”

“இன்னும் வரல்ல. இஞ்ச றோட்டுக்கு மேலால தண்ணி பாயுது. வாகனமெல்லாம் ஊந்து ஊந்துதான் வருகுது. ஏன், மீனுக்கா?”

“ஐஸ் பெட்டிக்குள்ள ஒரு புள்ள அடைபட்டிருக்கு. அவருக்குத் தெரியாது. றோட்டில இறங்கி நிண்டு மறியுங்க. போனை வச்சிடாதீங்க.”

மறுபக்கத்தில் கதிரை விழுகிற சத்தம். மழையின் இரைச்சல் கைபேசி வழியே கடைக்குள் வந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறாரென்று துணி உரசும் சத்தத்தில் தெரிந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. யாரையோ கூப்பிட்டார்: “இஞ்ச வாங்கடா, றோட்டுக்குக் குறுக்கால கடையில குந்திற வாங்கை இழுத்துப் போடுங்க!”

காத்திருந்தார்கள். ஸாதியா மேசை விளிம்பை இரு கைகளாலும் பிடித்திருந்தாள், உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. ஷெரில் அவளைப் பார்க்காமலிருக்கத் திரையைப் பார்த்தாள். திரையில் மஞ்சள் சட்டை குந்தியிருக்கும் இடத்தில் படம் நின்றிருந்தது. அதையும் பார்க்க முடியாமல் மேசையிலிருந்த ஆணிப் பெட்டியைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வாகனம் வருவது கேட்டது, கடந்து போனது. இன்னொன்று. அதுவும் போனது.

பிறகு நீண்ட ஹோர்ன் சத்தம்.

“நிப்பாட்டு! நிப்பாட்டு எண்டு சொல்றன்!” பூபாலப்பிள்ளையின் குரல் கிழிந்தது. பிரேக்கின் கீச்சிடல். யாரோ திட்டினார்கள். “பின் கதவைத் திற! கதைக்காத, கதவைத் திற!” ஓட்டம். கொளுக்கி தட்டுப்படுகிற சத்தம். இரும்புக் கதவு முனகியது. அதற்குப் பிறகு மழை மட்டும் கேட்டது.

“என்ன? என்ன?” என்று மஜீட் கைபேசியை நோக்கிக் கத்தினார்.

தூரத்தில் ஒரு ஆண்குரல், “யா அல்லாஹ்,” என்றது. பெட்டிகள் சரிந்து விழுந்தன.

“இரிக்காள்!” பூபாலப்பிள்ளை கைபேசியை வெளியே எடுத்திருக்க வேண்டும். குரல் திடீரென்று கிட்ட வந்தது. “பிள்ள இரிக்காள். மூலைக்குள்ள சுருண்டு கிடக்காள்.”

“உயிரோட?” என்று ஸாதியா கேட்டாள்.

“கண்ணத் திறந்து பாக்காள் மகள். உடம்பெல்லாம் ஐஸ். பல்லுக் கிட்டிச்சுப்போய் இரிக்கு. நாங்க சாக்கால சுத்தித் தூக்கிறம். இஞ்ச ஆஸ்பத்திரி கிட்டத்தான். நீங்க வெளிக்கிட்டு வாங்க.”

ஸாதியா மேசைமீது தலையைச் சாய்த்து அழுதாள். கடைக்கு வெளியே யாரோ பள்ளியை நோக்கி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கிடைத்துவிட்டதென்று ஒலிபெருக்கி சொன்னது. மஜீட் பக்கத்துக் கடைக்காரரின் வானை வரவழைத்து ஸாதியாவை ஏற்றி அனுப்பினார். கூட்டம் கலைந்தது. போகிற சிலர் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள். “தாய் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் ஆருக்கும் இல்ல,” என்று மஜீட் கையை விரித்துவிட்டார்.

கச்சி முகம்மது மாலைப் பக்கம் கடைக்கு வந்தார். ஐம்பது கடந்த, பருத்த மனிதர். சட்டை முழுக்க மீன் செதில். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தன் மடியில்தான் வைத்துக் கொண்டுபோனாராம். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்பதுபோல் மஜீட்டைப் பார்த்தார்.

“அந்தப் படத்தை எனக்கும் காட்டச் சொல்லுங்க.”

“என்னத்துக்கு காக்கா? பாத்து என்ன செய்யப் போறீங்க?”

“பாக்கோணும்.”

மஜீட் ஷெரிலைப் பார்த்தார். அவள் படத்தை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். பொலிஸ் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். ஒன்றும் சொல்லாமல் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் நின்றபடியே பார்த்தார். தான் குனிந்து கதவைச் சாத்துகிற இடம் வந்ததும் கையைத் தூக்கினார், திரைக்குள்ளிருந்த அந்த ஆளை நிறுத்தப் போகிறவர்போல. லொறி போனது. அவர் சீமெந்து மூட்டைமீது உட்கார்ந்தார்.

“நான் உள்ளுக்கு ஒரு தரம் எட்டிப் பாத்திருந்தா...” என்றார். மஜீட் பிளேன்டீயை அவர் கையில் வைத்துவிட்டு, பக்கத்து மூட்டையில் தானும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெரில் பக்கத் தகட்டைப் பொருத்தத் தொடங்கினாள். திருகாணி துளையில் நிற்காமல் விழுந்து உருண்டது. தேடி எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது. திருப்புளியைக் கீழே வைத்தாள்.

மஜீட்டின் கைபேசி அடித்தது. கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார். “ஸாதியா. உங்களோடதான் கதைக்கோணுமாம்.”

“மிஸ்,” என்றது மறுபக்கம். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தங்கள். “புள்ளைக்குச் சூடு வந்திட்டு. பால் குடிச்சவள். நாளைக்கு வீட்ட விடுவாங்களாம்.”

“நல்லது ஸாதியா. நல்லது.”

“நான் உங்களுக்குக் கத்திப்போட்டன். கையையும் பிடிச்சு இழுக்க வந்த.”

அந்த நேரம் ஸாதியா சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது ஷெரிலுக்கு. சரியாகிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தியவள் அவள்தானே.

“என்ட பிள்ளையா இருந்தா நான் அடிச்சே இருப்பன்,” என்றாள்.

மறுபக்கத்தில் ஸாதியா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவள் அழுது முடியும்வரை ஷெரில் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள்.